பிழைத்த நாயின் சாட்சி

1

மணியைப் பாம்பு கடித்தது ஒரு தை மாதத்தில், சம்பா அறுப்பு முடிந்த நான்காம் நாள். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் ஊர் தஞ்சாவூரிலிருந்து முப்பது கிலோமீட்டர். இரவு எட்டு மணி இருக்கும். களத்தில் புதிதாகப் போட்ட வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து மணி குரைத்துக்கொண்டிருந்தது. அது எதற்கெடுத்தாலும் குரைக்கிற நாய் என்பதால் யாரும் எழுந்து போகவில்லை. குரைப்பு சட்டென்று ஒரு வீறிடலாக மாறியதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். போருக்கும் வரப்புக்கும் நடுவில் தடித்த உடம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. குக்கரில் ஆவி இறங்குவதுபோல விடாத சீறல். முதுகில் சங்கிலி கோத்த மாதிரி பழுப்பு வட்டங்கள். கண்ணாடி விரியன்.

மணியின் மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் இரண்டு புள்ளிகள். அதிலிருந்து ரத்தம் வந்தது, வந்துகொண்டே இருந்தது. பத்து நிமிடத்தில் முகம் ஒரு பக்கமாக வீங்கி, கண் மூடிக்கொண்டது.

அம்மா அதற்குள் பக்கத்துத் தெருவுக்கு ஆளனுப்பியிருந்தார். அங்கே பாம்புக்கடிக்கு இலை கொடுக்கிற தாத்தா ஒருவர் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். காசு வாங்க மாட்டார், வாங்கினால் பலிக்காது என்பார். நாய்க்கா என்று அவர் யோசிக்கக்கூட இல்லை. சிறியாநங்கையைக் கசக்கிக்கொண்டே வந்தார். வாயை நான் பிடித்துக்கொள்ள, சாற்றைப் பிழிந்துவிட்டார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். களத்தில் இருபது பேராவது நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணும் ஆவாது தம்பி. வாயில்லா ஜீவன். பொழச்சிக்கும்.”

அவர் போன பிறகு சித்தப்பா மகனும் நானும் மணியைச் சாக்கில் சுற்றி வண்டியில் போட்டு டவுனுக்கு ஓட்டினோம். கால்நடை மருத்துவர் வீட்டுக் கதவைத் தட்டும்போது மணி ஒன்பதரை. அவர் முதலில் செய்த காரியம் எனக்குப் புரியவில்லை. மணியின் காலிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, மேஜை மேல் நிறுத்திவைத்து, கடிகாரத்தைப் பார்த்தார்.

“இருபது நிமிஷம். யாரும் அதைத் தொடாதீங்க.”

இருபது நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்துக் காட்டினார். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. நல்ல ரத்தமாக இருந்தால் அதற்குள் உறைந்திருக்க வேண்டும். கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தின் உறையும் பொருட்களை எல்லாம் வீணாகச் செலவழித்துத் தீர்த்துவிடும், அதனால்தான் கடிவாய் நிற்காமல் ஒழுகுகிறது என்றார். மனிதருக்குப் போடுகிற விஷமுறிவு மருந்தையேதான் நாய்க்கும் போட வேண்டும், தனி மருந்து இங்கே கிடையாது. அவரிடம் இரண்டு குப்பி இருந்தது. இன்னும் இரண்டை ஒரு மருந்துக்கடையை எழுப்பி வாங்கினோம். நான்கும் சொட்டு மருந்தோடு சேர்ந்து இறங்கின. விடிகாலை நாலரைக்கு மறுபடியும் ரத்தம் எடுத்து நிறுத்தினார். இந்தமுறை குழாயைச் சாய்த்தபோது ரத்தம் அசையவில்லை. குழம்பில் ஆடை கட்டியதுபோல நின்றது.

மூன்றாம் நாள் மணி கஞ்சி குடித்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தது. ஊரே வந்து பார்த்தது. “தாத்தா கைராசி” என்றார்கள். நான் சிரித்துக்கொண்டேன். ஊசி போட்டதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. அந்தப் பெரியவர் இரவில் ஓடி வந்தவர். அவர் பெயரைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். இரண்டு நாளில் சென்னைக்கு ரயிலேறினேன்.

2

அதே வருடம் ஐப்பசியில் அம்மா போன் செய்தார். எங்கள் வயலில் களை பறிக்க வருகிற அக்கா ஒருவருக்குக் கணுக்காலில் கடி. அதே கண்ணாடி விரியன். கூட இருந்தவர்கள் ஆட்டோவுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அக்கா வேண்டாம் என்றிருக்கிறார். “தம்பி வூட்டு நாயே பொழச்சிடுச்சி. என்னைத் தாத்தாகிட்ட கூட்டிக்கிட்டுப் போங்க, போதும்.”

காலை பத்து மணிக்குக் கடி. இலைச்சாறு குடித்துவிட்டு வீட்டில் படுத்திருந்தார். மதியம் ஈறில் ரத்தம் வந்த பிறகுதான் பயந்துபோய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேரும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. மருந்து போட்டார்கள், உயிர் நின்றது. ஆனால் சிறுநீர் நின்றுபோயிருந்தது. கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தை அடிக்கும், தாமதம் கூடக் கூட அந்த அடியும் கூடும். மூன்று வாரம் டயாலிசிஸ்.

“ஒன் நாயச் சொல்லித்தாண்டா போச்சு அது” என்று அம்மா சொன்னது திட்டுவதற்காக இல்லை. நடந்ததைத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. இருபது பேர் பார்த்தது இலையை. குழாயை நான் மட்டும்தான் பார்த்தேன். பார்த்தவன் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பாம்புக்கடி மருந்தின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. எந்த நூற்றாண்டை எடுத்தாலும், எந்த ஊரை எடுத்தாலும், பலிக்காத ஒவ்வொரு மருந்துக்கும் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. கடிபட்டுப் பிழைத்த நாய். அதைக் காட்டித்தான் எல்லோரும் நம்பியிருக்கிறார்கள், நம்பவைத்திருக்கிறார்கள்.

3

இந்த வரிசையில் நான் சந்தித்த முதல் நாய் ரோமாபுரியைச் சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டு. இந்தியாவிலிருந்து திரும்பிய பாதிரியார்கள் சில கற்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். நாகப்பாம்பின் தலையில் விளைவது, கடிவாயில் வைத்தால் ஒட்டிக்கொண்டு விஷத்தை உறிஞ்சும் என்று சொன்னார்கள். நம் ஊரில் இன்றைக்கும் கேள்விப்படுகிற அதே பாம்புக்கல்தான். ரோமில் அத்தனாசியஸ் கிர்ஷர் என்ற ஏசுசபைப் பேரறிஞர் இருந்தார். எகிப்திய எழுத்து, காந்தம், இசை, எரிமலை என்று அவர் எழுதாத பொருள் குறைவு. அவர் இந்தக் கல்லை முதலில் நம்பவில்லை. ஒரு நாயை விரியனைக் கொண்டு கடிக்கவைத்து, கல்லை வைத்துப் பார்த்தார். நாய் பிழைத்துவிட்டது. 1667இல் வெளியான தன் சீனா பற்றிய புத்தகத்தில் அதை எழுதினார். அவ்வளவு பெரிய அறிஞர் கண்ணால் கண்டு எழுதியபிறகு கல்லுக்கு வேறு சாட்சி எதற்கு?

பிளாரன்ஸ் நகரில் மெடிச்சி அரண்மனை மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி இருந்தார். அழுகிய இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை, ஈ முட்டையிடுவதால்தான் வருகிறது என்று நிரூபித்தவர். நம்முடைய அறிவியல் பாடப்புத்தகத்தில் வருகிற அதே ரெடி. அவரிடமும் கிழக்கிலிருந்து வந்த இந்தக் கற்கள் இருந்தன. அவர் ஒரு தடவை பார்த்துவிட்டு நிறுத்தவில்லை. கோழிகளிலும் மற்றப் பிராணிகளிலும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். கல் ஒட்டியது, பிராணிகள் செத்தன. 1671இல் அதை ஒரு கடிதமாக அச்சிட்டார். கடிதம் யாருக்கு? கிர்ஷருக்கே. மரியாதை குறையாமல், ஆனால் தெளிவாக.

கிர்ஷர் பொய் சொல்லவில்லை, அந்த நாய் உண்மையிலேயே பிழைத்தது. ரெடியும் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் அந்த நாய் ஏன் பிழைத்தது?

இதற்குப் பதில் சொல்ல இன்னும் நூறு வருடம் ஆனது. பெலிச்சே போந்தானா என்ற இத்தாலியர், அவரும் ஒரு மதகுரு, விரியன் விஷத்தைப் பற்றி 1767இலும் பிறகு விரிவாக 1781இலும் எழுதினார். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட சோதனைகள், மூவாயிரத்துக்கு மேற்பட்ட விரியன்கள், கடிபட்ட நாலாயிரத்துக்கு மேற்பட்ட பிராணிகள் என்று அவரே கணக்குச் சொல்கிறார். படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அந்தக் கொடூரமான எண்ணிக்கையிலிருந்துதான் ஓர் எளிய உண்மை வெளியே வந்தது. ஐரோப்பிய விரியன் கடித்த பெரிய பிராணிகளில் பல, எந்த மருந்தும் இல்லாமலே பிழைத்துக்கொள்ளும். சிறிய பிராணி சாகும், பெரியது தப்பிக்கும். பாம்பு எவ்வளவு விஷம் இறக்கியது, எங்கே இறக்கியது என்பதே முடிவு செய்கிறது. நவச்சாரத்திலிருந்து எடுத்த ஆவிக்காரத்தை அன்றைய ஐரோப்பா பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்தாகக் கொண்டாடிக்கொண்டிருந்தது. போந்தானா அது ஒன்றுக்கும் உதவாது என்று காட்டினார். அதனால் பிழைத்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள், அது இல்லாமலும் பிழைத்திருப்பார்கள்.

நம் பாம்புகளுக்கும் இது பொருந்தும். நாகமோ விரியனோ கடித்தாலும் எல்லாக் கடியிலும் விஷம் இறங்குவதில்லை. வெறுங்கடி என்று ஒன்று உண்டு. கடித்தது விஷமில்லாத சாரையாகவோ தண்ணீர்ப் பாம்பாகவோ இருக்கவும் கூடும். ஆக, பத்துப் பேருக்குப் பச்சைத் தண்ணீரைக் கொடுத்தாலும் சிலர் எழுந்து உட்காருவார்கள். அவர்கள் வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்குச் சாட்சி சொல்வார்கள். செத்தவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை.

4

அடுத்த கதை என்னை உலுக்கியதற்குக் காரணம் அதில் என் ஊரின் பெயர் இருந்தது.

1780களில் பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் விசாகப்பட்டினத்தில் இருந்தார். சிரியாவின் அலெப்போவில் பல வருடம் வைத்தியம் பார்த்துவிட்டு, தம்பியோடு இந்தியா வந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக 1785இல் பொறுப்பேற்றார். செடிகளைப் பற்றி எழுதுவதுதான் வேலை. ஆனால் சோழமண்டலக் கரையில் சனங்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று பார்த்ததும் பாம்புகளின் பக்கம் திரும்பிவிட்டார். ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த பாம்புகளை ஒவ்வொன்றாக வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். எது விஷமுள்ளது, எது இல்லாதது என்று சாதாரண ஆளும் பிரித்தறிய ஒரு வழி வேண்டும் என்பது அவர் நோக்கம். அதற்காகக் கோழிகளையும் நாய்களையும் கடிக்கவைத்துக் குறித்துக்கொண்டார். 1796இல் அவருடைய பெரிய புத்தகம் லண்டனில் கம்பெனி செலவில் வெளியானது. அதில் நாகத்துக்கு அடுத்தபடி கொடியது என்று ஒரு பாம்பை அதன் தெலுங்குப் பெயரிலேயே படம் போட்டிருந்தார். அடுத்த வருடமே அறிவியல் பெயராக ரஸ்ஸலின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. என் களத்தில் சீறிய கண்ணாடி விரியன் உலகம் முழுக்க ரஸ்ஸல் விரியன்தான்.

அந்தக் காலத்தில் மதராஸ் ராஜதானியில் ஒரு பாம்புக்கடி மருந்து ரொம்பப் பிரபலம். ‘தஞ்சாவூர் மாத்திரை’. அதன் முக்கியச் சரக்கு பாஷாணம், அதாவது ஆர்சனிக். வெள்ளைக்காரச் சிப்பாய்களும் டாக்டர்களும்கூட அதை நம்பினார்கள். விழுங்கிப் பிழைத்தவர்களின் கதைகள் ஏராளம். ரஸ்ஸல் அதைக் கடிபட்ட நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். நம்பத்தக்க பலன் எதையும் அவரால் காண முடியவில்லை.

எங்கள் மண்ணின் பெயரைத் தாங்கிய ஒரு மாத்திரை, பிழைத்தவர்களின் வாய்ச்சொல்லால் மட்டுமே நடமாடியிருக்கிறது. இருநூற்றுச் சொச்சம் வருடம் கழித்து அதே மண்ணில் நான் ஒரு நாயைப் பிழைக்கவைத்து, இன்னொரு வாய்ச்சொல்லைக் கிளப்பிவிட்டிருக்கிறேன்.

5

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதை கல்கத்தாவுக்கு நகர்கிறது. ஜோசப் பேரர் அங்கே மருத்துவக் கல்லூரியில் அறுவைசிகிச்சைப் பேராசிரியர். 1869ஆம் ஆண்டில் எத்தனை பேர் பாம்புக்கடியால் செத்தார்கள் என்று வங்காளத்திலிருந்தும் வேறு சில மாகாணங்களிலிருந்தும் கேட்டு வாங்கினார். வந்த கணக்கு 11,416. இந்தியா முழுவதையும் சேர்க்காமலே இவ்வளவு. 1872இல் அவர் வெளியிட்ட புத்தகம் இன்றைக்கும் பார்க்க அழகானது. கல்கத்தா ஓவியப் பள்ளியைச் சேர்ந்த இந்திய ஓவியர்கள் உயிருள்ள பாம்புகளைப் பார்த்துத் தீட்டிய வண்ணப்படங்கள். படங்களைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்டினால் சோதனைக் குறிப்புகள். இத்தனை மணிக்குக் கடிக்கவைத்தது, இத்தனை மணிக்குத் தள்ளாடியது, இத்தனை மணிக்கு விழுந்தது, இத்தனை மணிக்குச் செத்தது. பெரும்பாலும் கோழிகளும் தெருநாய்களும். ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு மணி.

இந்தியா முழுவதிலிருந்தும் சனங்கள் பேரருக்கு மருந்துகளை அனுப்பினார்கள். வேர், கல், பொடி, எண்ணெய். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு புது முறை வந்தது. மெல்போர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் ஹால்போர்ட், போந்தானா நூறு வருடத்துக்கு முன்னால் ஒதுக்கிய அதே ஆவிக்காரத்தை ரத்தக்குழாயில் ஏற்றினால் பலிக்கும் என்றார். பலித்த கதைகளும் இருந்தன. பேரர் எல்லாவற்றையும் செய்து பார்த்தார். முழு விஷம் இறங்கிய நாயை எதுவும் காப்பாற்றவில்லை. தன்னிடம் மருந்து எதுவும் இல்லை என்று அவர் நேர்மையாக எழுதினார். ஒரு மருத்துவருக்கு அது எளிதான வாக்கியம் இல்லை.

அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் பாம்பு வித்தைக்காரர்கள் தெருவில் நாயையும் கோழியையும் கடிக்கவைத்து, தங்கள் மருந்தால் பிழைக்கவைத்துக் காட்டிக் காசு பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1868இல் மெல்போர்னில் வில்லியம் டிரம்மண்ட் என்ற போலீஸ் நீதிபதி அப்படியொருவரின் மருந்தை நம்பி, தன்னைப் பாம்பு கடிக்க அனுமதித்தார். படித்தவர், வழக்கில் சாட்சிகளை எடைபோடுவதே தொழிலாக இருந்தவர். இறந்துபோனார்.

களை பறித்துக்கொண்டிருந்த அந்த அக்காவை அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்கு டிரம்மண்டின் ஞாபகம்தான் வருகிறது.

6

மருந்து கடைசியில் எங்கிருந்து வந்தது? கடித்த பிறகு விஷத்தை எடுப்பது எப்படி என்ற கேள்வியை விட்டுவிட்டு, விஷத்தையே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் உடம்பு என்ன செய்யும் என்று கேட்டபோது வந்தது. 1887இல் அமெரிக்காவில் ஹென்றி சீவால் புறாக்களுக்கு கிலுகிலுப்பைப் பாம்பின் விஷத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினார். நாளாக ஆக, வேறு புறாவைக் கொன்றுவிடும் அளவையும் அவை தாங்கின.

பிறகு சைகோனில் ஆல்பர்ட் கால்மெட். காசநோய்க்கு நாம் எல்லோரும் தோளில் போட்டுக்கொண்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் நடு எழுத்தான ‘சி’ இவர்தான். 1891 அக்டோபரில் மீகாங் ஆற்றுச் சமவெளியில் பாக் லியூ பக்கம் வெள்ளம். எங்கள் காவிரிப் படுகை மாதிரியே நெல் விளைகிற நாடு. நாகங்கள் வீடுகளுக்குள் ஏறின. நாற்பது பேர் கடிபட்டார்கள், நான்கு பேர் இறந்தார்கள். அந்த ஊர்ப் பாம்புப் பிடாரர் ஒருவர் பிடித்த நாகங்களைப் பீப்பாயில் அடைத்து கால்மெட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். ஆராய்ச்சி அந்தப் பீப்பாயில் தொடங்கியது. 1894 பிப்ரவரியில் பாரிஸில் ஒரே சங்கத்தின் முன்னால் பிசாலிக்ஸ், பெர்த்ரான் இருவரும் ஒரு பக்கமும் கால்மெட் ஒரு பக்கமும் ஒரே செய்தியைச் சொன்னார்கள். விஷத்துக்குப் பழகிய பிராணியின் ரத்தநீர், பழகாத பிராணியையும் காக்கிறது. அடுத்த வருடங்களில் கால்மெட் குதிரைகளுக்கு விஷத்தைப் பழக்கி, அவற்றின் ரத்தத்திலிருந்து மருந்து எடுத்தார்.

இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. இவர்கள் காட்டியது பிழைத்த பிராணியை மட்டும் இல்லை. பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அதே எடை, அதே விஷம், அதே அளவு, மருந்து மட்டும் கிடையாது. அது செத்தது. அந்த இரண்டாவது பிராணி இல்லாமல் முதலாவது எதையும் சொல்வதில்லை. கிர்ஷரின் அறையில் இல்லாமல்போனது அந்த இரண்டாவது நாய்.

ஆனாலும் கால்மெட்டும் சறுக்கினார். பெரும்பாலும் நாக விஷத்தைக் கொண்டு செய்த தன் மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று சொன்னார். ஆஸ்திரேலியாவில் சி.ஜே. மார்ட்டின் சோதித்துப் பார்த்தார், அந்த ஊர்ப் பாம்புகளுக்கு அது கேட்கவில்லை. இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் என்ற ராணுவ மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணாடி விரியனுக்கும் அது கேட்காது என்று காட்டினார். பிரேசிலில் விட்டல் பிரேசில் என்ற மருத்துவர் தன் நாட்டுப் பாம்புகளுக்கு அவற்றின் விஷத்திலிருந்தே மருந்து செய்ய ஆரம்பித்தார். அந்தந்த மண்ணின் பாம்புக்கு அந்தந்த விஷத்தில் விளைந்த மருந்து.

அதனால்தான் நம்முடைய குப்பி நான்கு விஷங்களால் ஆனது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ஒரு மில்லி மருந்து நாகத்தின் விஷத்திலும் கண்ணாடி விரியனின் விஷத்திலும் 0.6 மில்லிகிராம் வரை முறிக்கும், மற்ற இரண்டிலும் 0.45. ஒரு குப்பி பத்து மில்லி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குப்பி ஆறு மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கிறது. அந்தப் பாம்பு ஒரு கடியில் சராசரியாக அறுபது மில்லிகிராமுக்கு மேல் இறக்கும் என்கிறார்கள். நாய் சின்னது என்பதற்காக மருந்தைக் குறைக்க முடியாது. முறிக்க வேண்டியது பாம்பு இறக்கிய விஷத்தை, கடிபட்டவரின் எடையை அல்ல. மணிக்குக் கிடைத்தது நான்கு குப்பி, அதாவது 24 மில்லிகிராமுக்கு. அப்படியென்றால் அன்றைக்கு அந்தப் பாம்பு குறைவாகத்தான் இறக்கியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது கொஞ்சம் திடுக்கிட்டேன். நானும் கிர்ஷரின் அறையில்தான் நின்றுகொண்டிருக்கிறேன். மணி பிழைத்தது என்பதை வைத்து நானும் என் மருந்துக்குச் சாட்சி சொல்ல முடியாது. என்னிடம் இருக்கிற சாட்சி அந்தக் குழாய்தான். ஒன்பதரைக்கு எடுத்தபோது ஓடிய ரத்தம், நாலரைக்கு எடுத்தபோது நின்றது. அதுகூடத் தனியாக நின்றால் போதாது. ஓடுகிற ரத்தம் மருந்து இறங்கிய சில மணி நேரத்தில் உறைவதை ஆயிரக்கணக்கான கடிகளில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதால்தான் என் ஒரு குழாய்க்கும் அர்த்தம் வருகிறது.

7

அந்தக் குப்பியில் இருக்கும் விஷம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் வழி மறுபடியும் தமிழ்நாட்டுக்கே வந்து நிற்கிறது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிற வழியில், முதலைப் பண்ணை இருக்கிற வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. அதற்கு முன்னால் இருளர்கள் பிடித்த பாம்புகளின் தோல் ஏற்றுமதிக்குப் போனது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, சில வருடங்களில் தோல் ஏற்றுமதி முழுவதும் தடையானது. பிழைப்பு போயிற்று. ரோமுலஸ் விட்டேகர் அவர்களோடு சேர்ந்து வேறொரு வழியைக் கண்டார். பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுப்பது.

பிடித்த பாம்பை மண்பானைக்குள் விட்டு, வாயைத் துணியால் கட்டிவைப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறையாகச் சில தடவை விஷம் எடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் போட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் தெரிகிற பாம்பு மறுபடி கையில் சிக்கினால் உடனே விட்டுவிட வேண்டும். இந்த வேலையின் வல்லவர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தியாவின் பல மூலைகளுக்கும் போகிற விஷமுறிவு மருந்தின் மூலப்பொருளில் பெரும்பங்கு இந்தப் பானைகளிலிருந்துதான் போயிருக்கிறது. நடுவில் குதிரைகள். மாதக்கணக்கில் விஷத்தைத் தாங்கி, ரத்தம் கொடுக்கிற குதிரைகள்.

இருளர்களுக்குத் தங்களுக்கென்று மூலிகை அறிவு உண்டு, யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இலையா குப்பியா என்று இரண்டு கட்சி கட்டிச் சண்டை போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இந்த மருந்து ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான். அது நம் பாம்புக்குக் கேட்பதற்குக் காரணம் நம் ஊர்க்காரர்களின் கை.

அப்படியும் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிடுகிறது. வருடத்துக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலும் கிராமங்களில். ஆஸ்பத்திரியில் அல்ல, வீட்டில். பேரர் எழுதிய காலத்தில் மருந்து இல்லை. இன்றைக்கு மருந்து இருக்கிறது. நடுவில் இருப்பது தூரம், வண்டி, பணம், கூடவே யாரோ ஒருவர் சொல்கிற பிழைத்த கதை.

8

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது முதலில் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். மெலிந்திருந்தார். இன்னும் மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போகிறார். வயல் வேலைக்குப் போவதில்லை. மணிக்கு ஊசி போட்ட கதையைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசவில்லை.

“அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல தம்பி” என்றார். அவ்வளவுதான். பிறகு டீ போட எழுந்தார்.

தாத்தா வீட்டுக்குப் போவதுதான் கஷ்டமாக இருந்தது. ரெடி கிர்ஷருக்கு எழுதிய மாதிரி கடிதமாக எழுதிவிட்டால் தேவலை என்றிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“நாய்க்கு ஊசி போட்டீங்களா?” என்று கேட்டார். “எங்கிட்டகூட சொல்லலையே தம்பி. நான் எலையாலதான் பொழச்சிதுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். அந்தப் புள்ள வந்தப்ப, நாய்க்கே கேட்டுதே, இதுக்குக் கேக்காதான்னு குடுத்தேன். சொல்லியிருந்தீங்கன்னா அப்பவே வண்டி ஏத்திவுட்டிருப்பேன்.”

இத்தனை புத்தகம் படித்தும் எனக்கு இது தோன்றியிருக்கவில்லை. ஊர் ஏமாந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏமாந்தவர்களில் தாத்தாவும் ஒருவர். அவருக்குத் தன் மருந்து பலிக்கவில்லை என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. பிழைத்தவர்கள் வெற்றிலை பாக்கோடு வருவார்கள். மற்றவர்களின் வீட்டில் யாரும் இவரிடம் வந்து சொல்வதில்லை. அவருக்கு வந்துசேரும் செய்தி எல்லாம் நல்ல செய்திதான். உண்மை தெரிந்த ஒரே ஆளான நானும் மரியாதை என்ற பெயரில் அவருக்குப் பொய்யான ஒரு நல்ல செய்தியைக் கொடுத்திருக்கிறேன்.

இப்போதும் தாத்தா இலை கொடுக்கிறார். ஆனால் ஆட்டோக்காரர் பையனின் நம்பரைத் திண்ணைச் சுவரில் கரியால் எழுதிவைத்திருக்கிறார். யாராவது ஓடி வந்தால் முதலில் அதைக் காட்டுகிறார். வண்டி வருகிற வரைக்கும் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பயத்தில் ஓடாமல், கடிபட்ட காலை அசைக்காமல் இருக்கவைப்பதும் உதவிதான் என்று டவுன் டாக்டர் சொன்னார்.

மணிக்கு இப்போது வயதாகிவிட்டது. மூக்கின் மேல் மயிர் முளைக்காத ஒரு தழும்பு. களத்துப் பக்கம் போனால் வைக்கோல் போருக்கு இரண்டு முழம் தள்ளியே நிற்கிறது. யாராவது வந்து “பாம்பு கடிச்சிப் பொழச்ச நாயா?” என்று கேட்டால், நான் இடையில் புகுந்து முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். குழாய், இருபது நிமிடம், நான்கு குப்பி, அதிர்ஷ்டம், ஐப்பசி மாதம் எல்லாவற்றையும். கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.